கஸ்பார் போன கோடு

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு கஸ்பார் இருந்தாரு, ஒரு ஞானப்பூவும் இருந்தா. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி ஆறே மாசம்தான் ஆகியிருந்துச்சு. போர்வைய இழுத்துக்க மக்கா, காத்து அடிக்குது பாரு. பெரியம்மா சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். போடலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நிறுத்திடுவேன். சரியா?

ம்.

கஸ்பாருக்கு ஒரு வள்ளம் இருந்துச்சு. நீலக் கலரு, பின்னாடி சின்ன எஞ்சினு. அவரும் அவரோட தாய்மாமன் லாசரும்தான் அதுல போவாங்க, விடியுறதுக்கு முந்தி போனா மத்தியானம் வந்துருவாங்க. ஞானப்பூ எறாக் கம்பெனில எறா உரிப்பா. நானும் அங்கதான் வேலை பார்த்தேன், அவளுக்குப் பக்கத்து மேசை. விரலெல்லாம் வெந்து சுருங்கிப் போயிருக்கும் எங்களுக்கு. ஆனா அவ மட்டும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்த விரலாலேயே பேனாவப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவா. ஏன்னா அவ பத்தாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயிலு. மூணு மார்க்குல போயிருச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் மறுபடி எழுதணும்னு பணம் கட்டியிருந்தா.

அவ படிக்கும்போது கஸ்பார் எதுக்க உக்காந்து கிழிஞ்ச வலையப் பொத்துவாரு. அவரு அஞ்சாங்கிளாஸ் தாண்டல. ஆனா தெனமும் கேப்பாரு, இன்னைக்கு என்ன கணக்குன்னு. அவளும் சொல்லுவா. சொல்லும்போது பாதில அவளுக்கே புரியும். அப்படித்தான் ஒரு நாள் இணைகோடு பாடம் வந்துச்சு.

இணைகோடுன்னா என்னன்னா, இந்தக் கட்டிலோட ரெண்டு சட்டத்தைத் தொட்டுப் பாரு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் ஒரே பக்கமாத்தான் போகுது, ஆனா ஒண்ணை ஒண்ணு தொடாது. எவ்ளோ தூரம் நீட்டுனாலும் தொடாது. ரெண்டுக்கும் சாய்வு ஒண்ணு. ஆரம்பிக்கிற இடம் மட்டும்தான் வேற. புரியுதா?

ம்.

கஸ்பாரு அதைக் கேட்டுட்டு வலையக் கீழ வச்சாராம். அப்புறம், "பாவம்ட்டி அந்தக் கோடுக"ன்னாராம். அவ சிரிச்சுட்டா.

அப்புறம் ஆடி மாசம் வந்துச்சு. ஆடி மாசம்னா நம்ம பக்கம் கச்சான் காத்து. மேற்கேருந்து அடிக்கும், ஊஊஊன்னு, கதவெல்லாம் படபட படபடன்னு ஆடும். அது கரைக்காத்து, வள்ளத்தைக் கரையிலேருந்து கடலுக்குள்ள தள்ளும். அதனால கச்சான்ல எஞ்சின் நின்னா ரொம்ப மோசம். திங்கக்கிழமை காலையில காத்து லேசாத்தான் இருந்துச்சு, எல்லாரும் போனாங்க. மத்தியானம் ஆக ஆக ஏறிருச்சு. அலை எந்திரிச்சு வள்ளத்துக்குள்ள சளார் சளார்னு விழுந்துச்சு. எல்லா வள்ளமும் திரும்பி வந்துருச்சு, ரெண்டைத் தவிர. ஒண்ணு தொம்மையோட வள்ளம். இன்னொண்ணு கஸ்பாரோடது. ரெண்டுலயும் எஞ்சின்ல தண்ணி ஏறி டுக் டுக்குன்னு ரெண்டு தடவை இருமிட்டு நின்னுருச்சு.

அப்போ மீனவர் சங்கக் கட்டடத்துல ஒரு வயர்லெஸ் பொட்டி இருந்துச்சு. அதுல இஞ்ஞாசி அண்ணாச்சி உக்காந்திருந்தாரு. அவரு பெரிய லாஞ்ச் வச்சிருக்கறவரு. கர்ர்ர்ன்னு கஸ்பார் குரல் வந்துச்சு. ஜி.பி.எஸ்ல, கோயில் கொடிமரத்துலேருந்து கிழக்க இத்தனை மைலு, வடக்க இத்தனை மைலுன்னு தெரியற எண்ணைப் படிச்சு, இங்க நிக்கிறோம், எஞ்சின் போச்சு, நங்கூரக் கயிறும் அறுந்துருச்சுன்னாரு. இஞ்ஞாசி அண்ணாச்சி அந்த எண்ணை உள்ளங்கையில எழுதிக்கிட்டாரு. கடைசியா கஸ்பார் ஒண்ணு சொன்னாரு. "வீட்ல சொல்லாதீங்க அண்ணாச்சி." அதோட பாட்டரி தீந்துருச்சு.

ஆனா ஊர்ல எது மறையும்? சாயங்காலம் ஞானப்பூ வேலை முடிஞ்சு வரும்போது கரையில கூட்டம் நிக்குது. அவ நேரா இஞ்ஞாசி அண்ணாச்சிகிட்டப் போனா. கஸ்பார் என்ன சொன்னாருன்னு கேட்டா. அண்ணாச்சி மழுப்பிப் பார்த்தாரு. அவ விடல. அப்புறம் உள்ளங்கையக் காட்டுனாரு. வெறும் எண்ணு. வேற ஒரு வார்த்தையும் அவளுக்குன்னு இல்ல. சொல்லாதீங்கன்னதுதான் அவளுக்குன்னு சொன்னது.

அவ அந்த எண்ணைத் தன்னோட கையில எழுதிக்கிட்டா. வீட்டுக்குப் போனா. கஸ்பாரு காலையில கழட்டிப் போட்ட சட்டை கொடியில கிடந்துச்சு, கையில தொட்டா உப்பு பொறுபொறுன்னு உதிருது. அதை அவ எடுக்கவும் இல்ல, துவைக்கவும் இல்ல. மாமியாக்காரி மிக்கேலம்மா வாசல்ல ஜெபமாலையோட உக்காந்துட்டா. இவ உள்ள உக்காந்துட்டா. சோறு அப்படியே கிடந்துச்சு. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மறுநாள் செவ்வாக்கிழமை. விடிஞ்சதும் ஒரு லாஞ்ச் தேடப் போச்சு. மத்தியானம் தொம்மையோட வள்ளத்தைக் கண்டுபிடிச்சுருச்சு. தொம்மை நல்லா இருந்தாரு, குடிக்கத் தண்ணி வச்சிருந்தாரு. லாஞ்ச்ல உள்ளவங்க நெனச்சாங்க, ஒரே காத்துதானே, தொம்மை வந்த வழியிலேயே இன்னும் கொஞ்சம் போனா கஸ்பாரும் கிடைப்பாருன்னு. தொம்மையை ஏத்திக்கிட்டு, அதே பக்கமா, டுக்கு டுக்கு டுக்கு டுக்குன்னு பொழுது சாயுற வரைக்கும் மெதுவாத் தேடிக்கிட்டே போனாங்க. ஒண்ணும் கிடைக்கல. அது மொதல் தேடல்.

கரைக்கு வந்து தொம்மை எறங்குனாரு. அவரு பொண்டாட்டி ஓடி வந்து அவரு சட்டையக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. ஞானப்பூ அதைப் பார்த்துக்கிட்டு நின்னா. நான் அவ பக்கத்துலதான் நின்னேன். அவ கை ரெண்டும் லேசா முன்னாடி நீண்டிருந்துச்சு, அவளும் ஒரு சட்டையப் பிடிச்சிருக்குற மாதிரி. அவளுக்கே அது தெரியல. நான்தான் மெதுவாக் கையப் பிடிச்சு இறக்கி விட்டேன்.

புதன்கிழமை இஞ்ஞாசி அண்ணாச்சி தன்னோட லாஞ்ச்சை எடுத்தாரு. அவரு நாப்பது வருசம் கடல்ல கிடந்தவரு. அவரு சொன்னாரு, கஸ்பார் எங்க நின்னானோ அங்கேருந்துல்ல தேடணும், தொம்மை நின்ன எடத்துலேருந்து தேடுனா எப்படின்னு. அது சரிதானே? சரிதான். அதனால கஸ்பார் எண்ணு சொன்ன எடத்துக்கே போனாரு. அங்கேருந்து, கச்சான் மேற்கேருந்து அடிக்குது, அப்போ கிழக்கத்தான் போயிருக்கணும்னு, நேர் கிழக்கா விட்டாரு. பதினெட்டு மைலு. வெறுந் தண்ணி. சளக் சளக்குன்னு அலைதான். அது ரெண்டாந் தேடல்.

பெரிய கப்பல்லயும் தேடுறாங்கன்னு சேதி வந்துச்சு. ஆனா கடல் எவ்ளோ பெருசு மக்கா. நம்ம ஊரையெல்லாம் தூக்கிப் போட்டா ஒரு பொட்டு மாதிரி.

அன்னைக்குச் சாயங்காலம் சங்கக் கட்டடத்துல எல்லாரும் உக்காந்திருந்தாங்க. ரெண்டு நாள் முடிஞ்சு போச்சு. தண்ணியில்லாம இன்னும் எத்தனை நாளு தாங்கும்னு ஒருத்தர் மெல்லச் சொன்னாரு, இன்னொருத்தர் அவரைச் சும்மா இருக்கச் சொன்னாரு. ஞானப்பூ வெளியில சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உள்ள தொம்மை சொல்றாரு, எங்க வள்ளம் நேர் கிழக்காப் போகல, காத்து கிழக்கத் தள்ளுச்சு, நீரோட்டம் வடக்க இழுத்துச்சு, சாஞ்சு சாஞ்சுதான் போனோம்னு.

சாஞ்சு. அந்த வார்த்தை அவளுக்குள்ள விசுக்குன்னு இறங்குச்சு.

அவ உள்ள வந்தா. பொம்பளைங்க அந்தக் கூட்டத்துக்குள்ள வர்றதில்ல, ஆனா யாரும் தடுக்கல. தொம்மைகிட்டக் கேட்டா, உங்க எஞ்சின் நின்ன எடத்து எண்ணும், நீங்க கிடைச்ச எடத்து எண்ணும் வேணும்னு. தொம்மை ஜி.பி.எஸ் பொட்டியத் தட்டி ரெண்டையும் சொன்னாரு. உங்க வள்ளமும் அவுக வள்ளமும் ஒரே அளவுதானேன்னு கேட்டா. ஆமா, ஒரே பட்டறையில செஞ்சதுன்னாரு. அவ வீட்டுக்கு ஓடுனா.

வீட்டுக்குப் போய் கணக்கு நோட்டுலேருந்து ஒரு கிராப் தாளைக் கிழிச்சா. குட்டிக் குட்டிக் கட்டமா இருக்குமே, அந்தத் தாளு. நம்ம மாதா கோயில் கொடிமரத்தை மூலையில வச்சா. அதுதான் ஸைபர். ஒரு கட்டம் ஒரு மைலு. கிழக்க எத்தனை கட்டம், வடக்க எத்தனை கட்டம்னு எண்ணுனா. தொம்மை நின்னது கிழக்க ஆறு, வடக்க அஞ்சு. ஒரு புள்ளி. மறுநாள் கிடைச்சது கிழக்க பதினாறு, வடக்க பத்து. இன்னொரு புள்ளி. ரெண்டையும் அளவுகோல வச்சுக் கோடு இழுத்தா. சர்ர்ர்.

பத்து மைல் கிழக்க போறதுக்குள்ள அஞ்சு மைல் வடக்க ஏறியிருக்கு. அப்போ ரெண்டுக்கு ஒண்ணு. அதாவது அரை. அதுதான் தொம்மையோட சாய்வு. அதே காத்து, அதே நீரோட்டம், அதே அளவு வள்ளம். கஸ்பாரோட வள்ளமும் அந்தச் சாய்வுலதான் போயிருக்கணும். ஆனா தொம்மை கோட்டு மேல இல்ல. அவரு நின்ன எடத்துலேருந்து, அவரோட கோட்டுல.

ஏன் ரெண்டு தேடலும் தப்பிப் போச்சுன்னு அவளுக்கு அப்போ புரிஞ்சுச்சு. மொதல்ல போனவங்க சாய்வைச் சரியாப் பிடிச்சாங்க, ஆனா கோடு வேற ஒருத்தரோடது. அண்ணாச்சி எடத்தைச் சரியாப் பிடிச்சாரு, ஆனா சாய்வை விட்டுட்டாரு. ரெண்டும் சேரணும். ம் போடு.

ம்.

கஸ்பாரு நின்னது கிழக்க பத்து, வடக்க ஒண்ணு. பத்து, ஒண்ணு. ரெண்டு நாளா அவ ஜெபம் மாதிரி அதைத்தான் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தா. இப்போ அதை எடுத்துக் கணக்குல போட்டா. வடக்கு எவ்ளோன்னா, கிழக்குல பாதி, அதோட ஏதோ ஒரு எண்ணைக் கூட்டணும். அந்த எண்ணுதான் அவரோட கோடு எங்கேருந்து வருதுன்னு சொல்லும். அதைப் புத்தகத்துல 'சி'ன்னு போட்டிருப்பாங்க. பத்துல பாதி அஞ்சு. அஞ்சோட சி-யக் கூட்டுனா ஒண்ணு வரணும். அஞ்சுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நாலு. சி நாலுன்னு எழுதுனா. ஒரு நாளைக்குப் பத்து மைல் கிழக்க. திங்கள் மத்தியானத்துலேருந்து வியாழன் மத்தியானம் மூணு நாளு. பத்தும் முப்பதும் நாப்பது. நாப்பதுல பாதி இருபது, நாலு கூட்டுனா இருபத்து நாலு. நாளைக்கு மத்தியானம் அவரு கிழக்க நாப்பது, வடக்க இருபத்து நாலுல இருப்பாரு.

ஓடுனா. இஞ்ஞாசி அண்ணாச்சி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அவருக்குக் கணக்கு தெரியாது. ஆனா சாஞ்ச கோடு புரிஞ்சுச்சு, தொம்மை சொன்னதும் அதுதானே. டீசல் ஒரு தடவை போய்த் திரும்பத்தான் இருக்குன்னாரு. ஊர்ல எல்லார் வீட்டு கேனையும் கவுத்தாச்சு, இதுக்கு மேல கிடையாது. போறேன்னாரு.

வியாழக்கிழமை விடியக்காலம் லாஞ்ச் கிளம்பிருச்சு. காத்து அப்போவும் மாறவே இல்ல, அதே கச்சான், அதே வேகம்.

ஞானப்பூ சங்கக் கட்டடத்து வாசப்படியில உக்காந்திருந்தா. மடியில அந்தக் கிராப் தாளு. மிக்கேலம்மாவும் வந்து பக்கத்துல உக்காந்தா. ரெண்டு பேரும் மூணு நாளா அதிகம் பேசல. மிக்கேலம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தத் தாளையே பார்த்துக்கிட்டிருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு, இதுல வடக்கு எதுன்னு கேட்டா. இவ மேல காட்டுனா. தொம்மை போன கோடு எதுன்னு கேட்டா. காட்டுனா. எம்மவன் போன கோடு எதுன்னு கேட்டா. இவ அதுக்கு மேல இருந்த கோட்டைக் காட்டுனா.

மிக்கேலம்மா ஜெபமாலைய நிறுத்திட்டா. "எம்மவன் எப்பவும் தொம்மைக்குத் தெக்கதான் வலை விடுவான். நீ ஏன் வடக்கப் போட்டிருக்க?"

ஞானப்பூ தாளைப் பார்த்தா. கோடு இருக்கு, அவரு நின்ன புள்ளியும் இருக்கு. ஆனா புள்ளி கீழ தனியாக் கிடக்கு. கோடு அதுக்கு மேல எங்கேயோ போகுது. அவரு வழியா போகாத கோடு அவரோடதா எப்படி இருக்கும்? போட்டுப் பார்த்தா. பத்துல பாதி அஞ்சு, நாலு கூட்டுனா ஒம்பது. ஒம்பது! அவரு சொன்னது ஒண்ணுல்ல. அஞ்சுலேருந்து ஒண்ணுக்கு வரணும்னா நாலைக் கூட்டக் கூடாது, கழிக்கணும். மைனஸ் நாலு. ஒரு சின்னக் கோடு, நகத்தளவு, அதைப் போட மறந்துருக்கா.

இப்போ மறுபடி போட்டா. நாப்பதுல பாதி இருபது, நாலு கழிச்சா பதினாறு. கிழக்க நாப்பது, வடக்க பதினாறு. லாஞ்ச் போறது இருபத்து நாலுக்கு. எட்டு மைல் தள்ளி.

அவ வயர்லெஸ் பொட்டி முன்னாடி உக்காந்தா. கர்ர்ர், கர்ர்ர். அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிட்டா. பதில் இல்ல. மறுபடி கூப்பிட்டா. அவங்க போய் ரெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சு, இன்னும் கொஞ்சம் போயிருந்தா எட்டாமப் போயிருக்கும். மூணாந் தடவை கூப்பிட்டப்போ கர்ர்ர்ன்னு குரல் வந்துச்சு, தேஞ்சு தேஞ்சு.

அவ சொல்லிட்டா. நான் தப்பாப் போட்டுட்டேன் அண்ணாச்சி, தெக்க திருப்பணும், வடக்க பதினாறுன்னு. மறைக்கல, மழுப்பல. நாங்கெல்லாம் பொட்டியச் சுத்தி நெருங்கி நின்னோம். அவருகிட்ட இருக்குறது ஒரு தடவைக்கான டீசல். சொல்றது கணக்குல ஃபெயிலான பொண்ணு. நேத்து ஒண்ணு சொன்னா, இன்னைக்கு ஒண்ணு சொல்றா.

"இது சரின்னு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டாரு.

"போட்டுப் பார்த்துட்டேன் அண்ணாச்சி. பத்துக்கு ஒண்ணு வருது. அவுக நின்ன எடத்து வழியாப் போகுது."

கர்ர்ர். கர்ர்ர்.

"சரி, திருப்புறேன்."

அதோட குரல் போயிருச்சு. எட்டாத தூரத்துக்குப் போயிட்டாங்க. இனிமே அவங்க திரும்பி வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. கேக்குறியா?

…ம்.

அந்தப் பகலு இருக்கே, அதை எப்படிச் சொல்றது? எட்டு மணி ஆச்சு. பத்து ஆச்சு. ஞானப்பூ எந்திரிக்கவே இல்ல. பொட்டியோட குமிழ்ல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. மத்தியானம் ஆனப்போ அவ மட்டும் மெல்ல, "இப்போ நாப்பது"ன்னா. யாருக்கும் புரியல, எனக்குப் புரிஞ்சுச்சு. அப்புறம் வெயில் சன்னல் வழியா வந்து, தரையில நகந்து, சுவத்துல ஏறுச்சு. மிக்கேலம்மா ஒரு டம்ளர் பழைய சோத்து நீச்சத்தண்ணி கொண்டாந்து வச்சா. இவ குடிக்கல. மிக்கேலம்மா அதை எடுத்து இவ வாயில வச்சு, கொழந்தைக்குக் குடுக்குற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா. இவ அப்போ கேட்டா, அத்தை, அவுக அப்பா கடலுக்குப் போன காலத்துல நீங்க எப்படி இருந்தீங்கன்னு. மிக்கேலம்மா அவ தலையத் தடவி விட்டா. தடவிக்கிட்டே இருந்தா.

அங்க கடல்ல என்ன நடந்துச்சுன்னா, இஞ்ஞாசி அண்ணாச்சி மத்தியானம் அந்த எடத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு. கிழக்க நாப்பது, வடக்க பதினாறு. எஞ்சினை நிறுத்துனாரு. ஒண்ணும் இல்ல. சளக், சளக். கூட வந்தவங்க அவரு மொகத்தைப் பார்த்தாங்க. அவரு திட்டல, கத்தல. ஒருத்தரை மேல ஏறிப் பாருன்னாரு. அந்த ஆளு லாஞ்சோட கம்பத்துல ஏறிச் சுத்திப் பார்த்தாரு. ஒண்ணும் இல்ல. அப்போ அண்ணாச்சி சொன்னாரு, கோடு பொய் சொல்லாது, வள்ளம் கொஞ்சம் வேகமாப் போயிருக்கலாம், அதே சாய்வுல இன்னும் ரெண்டு மைல் போவோம்னு. மெதுவா விட்டாங்க. டுக்கு… டுக்கு… டுக்கு… ஒண்ணரை மைல் போயிருப்பாங்க. மேல இருந்தவரு கைய நீட்டுனாரு.

அலைக்கு நடுவுல ஒரு துடுப்பு நட்டுக்க நிக்குது. அதுல ஒரு கைலி படபடன்னு ஆடுது.

ரெண்டு பேரும் இருந்தாங்க மக்கா. ரெண்டு பேருக்கும் உசுரு இருந்துச்சு. லாசர் மாமாவால எந்திரிக்க முடியல. கஸ்பாருக்கு நாக்கு தடிச்சு வாய்க்குள்ள அடங்கல. ஈரத்துணிய உதட்டுல வச்சு வச்சுத்தான் தண்ணி குடுத்தாங்க.

கரையில எங்களுக்கு இது ஒண்ணும் தெரியாது. அஞ்சு மணி இருக்கும். பொட்டி கர்ர்ர்ன்னுச்சு. ஞானப்பூ குனிஞ்சுட்டா. இஞ்ஞாசி அண்ணாச்சி ரொம்பப் பேசுற ஆளு இல்ல. "ரெண்டு பேரும் இருக்காங்க"ன்னாரு. அவ்ளோதான். அவ அந்தப் பொட்டி மேலேயே தலைய வச்சுக்கிட்டா. அழல. வெளியில கோயில் மணிய யாரோ டாண் டாண்னு அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இருட்டுறதுக்குள்ள லாஞ்ச் வந்துருச்சு, பின்னாடி அந்த நீல வள்ளத்தையும் கட்டி இழுத்துக்கிட்டு. கஸ்பாரைத் தூக்கிட்டு வந்தாங்க. மொகமெல்லாம் தோலு உரிஞ்சு, கண்ணு உள்ள போயி, ஆளே தெரியல. எல்லாரும் சூழ்ந்துக்கிட்டாங்க. ஞானப்பூ கிட்டப் போகல. நாலு அடி தள்ளி நின்னுட்டா. நான் தள்ளி விட்டேன், போ ட்டின்னு. அப்போதான் போனா. போயி அவரு காலைத் தொட்டா. காலு சில்லுன்னு இருந்துச்சாம். தன்னோட சேலை முந்தியால அதைச் சுத்தி வச்சுக்கிட்டா, ஆஸ்பத்திரி போற வரைக்கும் விடல.

ரெண்டு நாள் பாட்டில் ஏத்துனாங்க. மூணாம் நாள் அவருக்குப் பேச்சு வந்துச்சு. அப்போ அவரு ஒண்ணு சொன்னாரு. செவ்வாக்கிழமை சாயங்காலம் ஒரு லாஞ்சைப் பார்த்தாங்களாம். வடக்க, ரொம்ப தூரத்துல, ஒரு கடுகு மாதிரி. இவங்க போற பக்கமாவே அதுவும் போச்சாம். கைலிய ஆட்டுனாங்க, கத்துனாங்க. அது விலகியும் போகல, கிட்டவும் வரல. இவங்க போகப் போக அதுவும் கூடவே வந்துச்சாம். பொழுது அடைஞ்சதும் மறைஞ்சிருச்சாம். அந்த ஒரு மணி நேரம்தான் தாங்க முடியலன்னாரு. தாகத்தைக் கூடத் தாங்கிட்டேன், அதைத் தாங்க முடியலன்னாரு.

ஞானப்பூ பையிலேருந்து அந்தத் தாளை எடுத்தா. கசங்கி நாலா மடிஞ்சிருந்துச்சு. கட்டில்ல விரிச்சா. ஒரு விரலைத் தொம்மை கோட்டு மேல வச்சா. இன்னொரு விரலை அவரு கோட்டு மேல வச்சா. செவ்வாக்கிழமை சாயங்காலம் அவங்க இங்க, நீங்க இங்கன்னா. நடுவுல ஆறே கட்டம். ஒரு கட்டை விரல் அகலம் கூட இல்ல.

அவரு அந்த ரெண்டு விரலையும் ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் தன்னோட விரலை அந்த நடுவுல வச்சாரு. அப்போதான் மக்கா, இத்தனை நாளும் அழாத பொண்ணு, அப்போதான் அழுதா. வாய மூடிக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க.

…ம்.

இன்னும் கொஞ்சம்தான். அப்புறம் லாசர் மாமா இனிமே கடலுக்கு வரமாட்டேன்னுட்டாரு. கஸ்பாரும் மூணு மாசம் போகல. ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனாரு. சாயங்காலம் வந்து கரையில உக்காந்து கடலையே பார்த்துக்கிட்டிருப்பாரு. பசிச்ச ஆளு அடுத்த வீட்டு அடுப்பைப் பார்க்குற மாதிரி பார்ப்பாரு. ஞானப்பூவும் பார்ப்பா. கடலை இல்ல, அவரை. இந்த மனுசன் கரையிலதான் இருக்காரு, ஆனா இங்க இல்லன்னு அவளுக்குத் தெரியும். போக வேண்டாம்னு சொல்ல அவளுக்கு ஆசைதான். தொண்டை வரைக்கும் வரும். முழுங்கிருவா.

அப்புறம் கச்சான் முடிஞ்சு காத்து அடங்குச்சு. கடலு எண்ணெய் மாதிரி கிடந்துச்சு. ஒரு நாள் விடியக்காலம் அவளே எந்திரிச்சுச் சோறு கட்டுனா. தண்ணி கேனு ரெண்டு வச்சா, மூணாவதையும் தூக்கி வச்சா. பாட்டரியத் தொட்டுப் பார்த்தா. அவரு வாசல்ல வந்து நின்னு, அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாரு, அவளைப் பார்த்தாரு. "போயிட்டு வரட்டுமா?"ன்னாரு. அவ, ம்ன்னா. நீ போடுறியே, அதே மாதிரி.

வள்ளம் இறங்குச்சு. சளக். டுக்கு டுக்கு டுக்கு டுக்கு. சின்னதாச்சு, இன்னும் சின்னதாச்சு, காணோம். அவ வீட்டுக்கு வந்தா. கூட்டுனா. தண்ணி எடுத்தா. அடுப்பு மூட்டுனா. ரெண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தா. அரிசியக் கழுவி உலையில போட்டா. உலை தளதளன்னு கொதிச்சுச்சு, சோறு வெந்துச்சு, வடிச்சுக் கவுத்தா.

மத்தியானம் அவரு வந்தாரு. தலையெல்லாம் உப்பு. கையில ரெண்டு நகரை மீனு. பசிக்குதுன்னாரு. அவ்ளோதான் மக்கா, வந்துட்டாரு.

வள்ளமும் கரையேறிருச்சு, கதையும் கரையேறிருச்சு. கண்ணை மூடிக்க, தங்கம். தூங்கு.